பதினான்காவது மேற்கோள்

டாக்டர் சங்கரவடிவு பதினொரு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் குழந்தை மருத்துவம் படிக்க வந்தவள். தேள் கடித்த குழந்தைகளுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். தன்னைப் போல் துணைக்கு ஆளில்லாமல் நோயாளி பார்க்கும் டாக்டர்களுக்கு அது உதவ வேண்டும் என்பது அவள் ஆசை.

துறைத்தலைவர் எஸ்தர் ராஜமணியிடம் அதைக் கொடுத்தாள். எஸ்தர் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே மேற்கோள் பட்டியல் இருந்தது. முப்பத்தொரு கட்டுரைகள். அவர் விரல் ஒவ்வொன்றாக இறங்கிப் பதினான்கில் நின்றது.

“இதைப் படிச்சீங்களா?”

“படிச்சேன் மேடம்.”

“இதையேவா?”

வடிவு தயங்கினாள். “இல்ல மேடம். இதை மேற்கோள் காட்டின இன்னொரு கட்டுரையைப் படிச்சேன். மருந்தோட அளவு அதுலயே இருந்துச்சு.”

“ஆனா பட்டியல்ல இதைப் போட்டிருக்கீங்க.”

“மூலம் இதுதானே மேடம். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தினது. இணையத்துல கிடைக்கல. இருபது பேருக்கு மேல இதைக் காட்டியிருக்காங்க, எல்லாரும் ஒரே அளவைத்தான் சொல்றாங்க. இருபது பேருமா தப்பா எழுதுவாங்க?”

எஸ்தர் தாள்களை அடுக்கி அவளிடமே நீட்டினார்.

“படிச்சுட்டு வாங்க.”

வடிவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தேடினாள். ஐந்து நூலகங்களுக்கு எழுதினாள். மூன்றிலிருந்து பதிலே வரவில்லை. கடைசியில் வேறொரு ஊர்க் கல்லூரியின் நூலகர், கழித்துக்கட்ட ஒதுக்கியிருந்த பழைய இதழ்களுக்கு நடுவிலிருந்து அதைக் கண்டெடுத்து, நகலெடுத்துத் தபாலில் அனுப்பினார்.

நாலே பக்கம். தேள் கடித்து வந்த பதினொரு குழந்தைகளுக்கு அந்த மருந்தை ஊசியாகப் போட்டிருக்கிறார் ஒரு டாக்டர். பதினொரு பேரும் பிழைத்திருந்தார்கள். அளவும் சரியாகவே இருந்தது. கடைசிப் பத்தியில் இரண்டு வரி எழுதியிருந்தார்: ‘இவர்கள் அனைவரும் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள். அதற்குக் குறைந்த வயதினருக்கு இந்த அளவைக் கொடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.’

வடிவின் கட்டுரையில் ‘குழந்தைகளுக்கு’ என்று மட்டும் இருந்தது. வயது இல்லை.

பயம் வந்துவிட்டது அவளுக்கு. அந்த மூலத்தைக் காட்டிய மற்றக் கட்டுரைகளை வருட வாரியாக மேசையில் பரப்பினாள். ஒன்றிலும் வயது இல்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்திருந்தார், சில இடங்களில் எழுத்துப் பிழை உட்பட. வயதை முதலில் விட்ட கட்டுரை இருபத்தேழு வருடத்துக்கு முன்பு வந்தது. எழுதியவர் பெயரை அவள் மூன்று தடவை படித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் துறைத்தலைவர் அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் வார்டு சுற்றி முடித்ததும் எஸ்தரே கூப்பிட்டார்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது மேடம்.”

“வயசு போட்டிருந்தாரா?”

“போட்டிருந்தார்.”

“அதை முதல்ல விட்டது யாருன்னு பாத்தீங்களா?”

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் பேர்தானே?”

“ஆமா மேடம்.”

எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே புறநோயாளிகள் வரிசை நீண்டிருந்தது.

“நானும் மூலத்தைப் படிக்கல. ஒரு கருத்தரங்குல ஒருத்தர் பேசினதைக் குறிச்சு வச்சிருந்தேன். ஊருக்குப் போய் எழுதினேன். படிச்ச மாதிரி பட்டியல்ல போட்டேன்.”

எஸ்தர் மறுபடி வடிவின் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கடிதம் வந்தது. மலையடிவாரத்துல சின்ன ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர். ‘உங்க கட்டுரையைப் பாத்து, பதினாலு மாசக் குழந்தைக்கு ஊசி போட்டேன். குழந்தை இறந்துபோச்சு. நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு தெரியணும். நீங்க காட்டியிருக்கிற மூலக் கட்டுரை எனக்குக் கிடைக்கல, தயவுசெஞ்சு அனுப்பி வைங்க’ன்னு எழுதியிருந்தார்.”

“அனுப்பினீங்களா மேடம்?”

“அன்னைக்குத்தான் நான் அதைத் தேடவே ஆரம்பிச்சேன்.”

எஸ்தர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“நேர்ல போனேன். அவர் என்னைத் திட்டல. அந்தக் குழந்தையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். குழந்தையோட அம்மா எனக்குப் பாலில்லாத வரக்காப்பி போட்டுக் குடுத்தாங்க. குழந்தை பேர் ராக்கு. ‘எங்க ராக்குக்காக டவுன்லேருந்து பெரிய டாக்டரம்மா வந்திருக்காங்க’ன்னு பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாங்க. நான் காப்பியைக் குடிச்சுட்டு வந்துட்டேன். என் தப்புன்னு சொல்ல வாய் வரல.”

“அப்புறம் இதழுக்குத் தெரியப்படுத்தலையா மேடம்?”

“உடனே எழுதினேன். திருத்தம்னு ஒரு மூலையில போட்டாங்க. என் கட்டுரையை இன்னைக்கு வரைக்கும் எடுத்துக் காட்டுறாங்க. திருத்தத்தை ஒருத்தர்கூடக் காட்டல. கண்ணுல படுறவங்களுக்கெல்லாம் எழுதிக்கிட்டே இருக்கேன். சிலர் நன்றி சொல்லிப் பதில் போடுவாங்க.”

வடிவு தன் கட்டுரையைப் பிரித்தாள்.

“பதினாலை எடுத்துடவா மேடம்?”

“வேண்டாம். அந்தப் பெரியவர் சரியாத்தான் எழுதியிருக்கார். அவர் எழுதினதை வயசோட சேர்த்து முழுசா எழுதுங்க. அதுக்குக் கீழே என் கட்டுரையைப் போடுங்க. அளவு சரி, வயசை விட்டது தப்பு, அதனால ஒரு குழந்தை இறந்ததுன்னு எழுதுங்க. திருத்தம் வந்த பக்கத்தையும் குடுங்க.”

“உங்க பேரோடயா மேடம்? அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போறீங்க. இத்தனை வருஷம் வாங்கின நல்ல பேரு...”

எஸ்தர் தன் பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

“ராக்கு பேரு எந்தப் பட்டியல்லயும் வராது, வடிவு. என் பேராவது வரட்டும்.”