பத்தாம் எண் சட்டையில் யார் பெயர்?

கோவில்பட்டியில் ஆவுடையம்மாள் என்றொரு பெண் இருக்கிறாள். மாடிப்படியில் விழுந்து கழுத்தில் அடிபட்டதிலிருந்து இடது கையின் இரண்டு விரல்கள் மட்டுமே அவள் சொன்னபடி அசையும். கணவன் சுடலைமுத்து மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று பிற்பகல் இருவரும் அவரவர் இடத்தில் இருந்தபடியே, இணையம் வழியாக ஒரே அணியில் சேர்ந்து வீடியோ கேமில் கால்பந்து ஆடுவார்கள்.

"போன்லயும்தான் பேசுதோம். ஆனா இதுலதான் நான் அவுகளோட ஓடுதேன்" என்பாள் ஆவுடை.

அவளுக்காக அந்தக் கேம் பெட்டியை மாற்றிக் கொடுத்தவர், பஜாரில் டிவி, செல்போன் பழுதுபார்க்கும் ஜக்கரியா. உள்ளிருந்த மென்பொருளைத் திருத்தி, இரண்டே பொத்தான்களில் ஆட்டம் முழுவதும் நடக்கும்படி செய்திருந்தார். திருத்துமுன் பெட்டியின் நினைவகம் முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அது அவர் வழக்கம். பெட்டியைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "அப்டேட் பண்ணவான்னு கேக்கும். வேண்டாம்னே சொல்லிருங்க."

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் காலை திரையில் அறிவிப்பு வந்தது: நாளைக்குள் புதுப்பிக்காத பெட்டிகள் இனி இணையத்தில் சேர முடியாது.

ஆவுடை அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். அறிவிப்பைப் பார்த்தது சுடலைமுத்துவின் அக்கா பேச்சித்தாய். ஆவுடையைக் குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் அவள்தான். ஜக்கரியா சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது. ஆனாலும் தம்பி பெண்டாட்டியின் வெள்ளிக்கிழமை நின்றுபோகுமே என்ற பதற்றத்தில் 'சரி' என்பதை அழுத்திவிட்டாள். சற்று நேரத்தில் திரை கறுத்தது. அதன்பிறகு பெட்டி எழவில்லை.

அன்று விடியற்காலையில் இடியும் மின்னலுமாகக் கரண்டு போய்ப் போய் வந்திருந்தது. அதனால்தான் கெட்டுப்போயிற்று என்று ஆவுடை நினைத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்த ஜக்கரியாவும் அப்படியே நினைத்தார். பேச்சித்தாய் வாயே திறக்கவில்லை.

"பழைய நகல அப்படியே ஏத்திப் பாப்போம்" என்று ஜக்கரியா மடிக்கணினியோடு ஒயரை இணைத்தார். விரல் பொத்தான் மேல் போனது.

"நிறுத்துங்க அண்ணாச்சி!" பேச்சித்தாய் குறுக்கே கை நீட்டினாள். "கரண்டால கெடல. நான்தான் அப்டேட்ட அமுக்கினேன்."

ஜக்கரியா விரலை எடுத்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க. புதுசு ஏறின பெட்டியில பழச அப்படியே எழுதியிருந்தா, பிறகு யாராலயும் எழுப்ப முடியாது."

அன்று மதியம் மதினி ஊட்ட வந்த சோற்றுக்கு ஆவுடை வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் தேடியலைந்த ஜக்கரியாவுக்கு மட்டக்களப்பில் இருக்கும் ரூபவதி என்ற பெண் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் கிடைத்தது. புதிய மென்பொருளோடு பழைய திருத்தத்தையும் சேர்த்து இயங்க வைப்பது அது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் போட்டிருந்தாள். ஒரே நிபந்தனை, பெட்டியின் பழைய நகல் கையில் இருக்க வேண்டும். அது ஜக்கரியாவிடம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி எழுந்தது. மஸ்கட்டிலிருந்து பந்து வந்தது; ஆவுடை இரண்டு விரலால் வாங்கி ஓடினாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கேமில் அவர்கள் அணியின் பத்தாம் எண் சட்டை பெயரில்லாமல் கிடந்தது. தனக்கு இந்த ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர் பெயரை அதில் போட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"அண்ணாச்சி பேரப் போடு" என்றாள் பேச்சித்தாய்.

"அந்தப் பொண்ணு எழுதலன்னா என் நகல வச்சு நான் என்ன செய்ய? அவ பேரப் போடுங்க" என்றார் ஜக்கரியா.

ரூபவதிக்கு நடந்ததையெல்லாம் எழுதினார்கள். பதில் வந்தது: "என்ட பேர் வேணாம் அக்கா. பெட்டியைச் சாகவிடாமக் காப்பாத்தின ஆள் உங்கட வீட்டிலேயே இருக்கிறா."

கேட்காமலே நகலெடுத்து வைத்தவர் ஒருவர். முகம் தெரியாதவர்களுக்காக எழுதி வைத்தவள் ஒருத்தி. தானே கெடுத்து, கெடுத்ததைச் சொல்லித் தடுத்தவள் இன்னொருத்தி. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பெட்டி எழுந்திருக்காது. சட்டையோ ஒன்று. அதில் யார் பெயர் வருவது நியாயம்?

விடை: ஆவுடை பேச்சித்தாயின் பெயரைப் போட்டாள். "கெடுத்தவ பேரையா?" என்று சுடலைமுத்து சிரித்தான். அவள் சொன்னாள்: "அண்ணாச்சியும் அந்தத் தங்கச்சியும் செஞ்சத என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா குடுக்கும்போது அவங்களுக்கு எதையும் இழந்துருவோம்னு பயம் இல்ல. மதினி வாயத் திறந்தா என் கோபமும் உங்க கோபமும் அவுக தலையிலதான் விழும். பேசாம இருந்திருந்தா பழி கரண்டு மேல போயிருக்கும். அது தெரிஞ்சும் சொன்னாக."