ராயர் வளர்த்த வெள்ளரி

முன்னொரு காலத்தில், தெற்கே மணற்கரைச் சீமையை மகரராசன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், நாளுக்கொரு ஆசை வரும், அதுதான் தொல்லை. கப்பலில் பத்துக் குதிரைகள் வந்திறங்கிய அன்று, அவற்றை ஓட்டிப் பார்க்க ஒரு களம் வேண்டும் என்றான். அரண்மனைத் தோட்டத்து அதிகாரி மங்களராயர் உடனே இடம் சொன்னார்.

“தேரி சும்மாதானே கிடக்கிறது, அரசே.”

தேரி சும்மா கிடக்கவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு நாழிகைகூட ஈரம் நிற்காத அந்தச் சிவப்பு மணல்மேட்டில், உலகம்மையும் இருபது குடும்பங்களும் பதினைந்து வருஷமாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழி தோண்டி, ஆட்டுப்புழுக்கையும் ஓலைச் சருகும் போட்டு, நடுவில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்புவார்கள். பானை கசியும், வேர் குடிக்கும். பயறு, சுரை, வெள்ளரி, முருங்கை எல்லாம் வந்தது. வறண்ட ஊர்களிலிருந்து யார் வந்து கேட்டாலும் கற்றுக்கொடுத்து, விதையும் கொடுத்து அனுப்புவார்கள். ஒருமுறை ராசா தேரி வெள்ளரியைத் தின்றுவிட்டு, அரண்மனை வெள்ளரியைக் குதிரைக்குப் போடச் சொல்லிவிட்டான். ராயர் அதை மறக்கவில்லை.

உலகம்மையைச் சபைக்கு அழைத்தார்கள். இடத்தை எடுத்துக்கொண்டால் இருபது அடுப்பு அணையும், கற்க வருகிறவர்களுக்கும் போக்கிடம் இருக்காது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ராயர் சிரித்தார். மணலில் விளைவது அவள் கைராசி, அதைப் போய் யாருக்குக் கற்றுத்தர முடியும் என்று கேட்டார்.

ராசாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. “சபையில் ஒருவர் கற்றுக்கொள்ளட்டும். குழியும் எருவும் உன் பொறுப்பு. விதை போடுவதும் தண்ணீர் விடுவதும் அவர் கையால்தான். அறுபது நாளில் ஒரு காய் காய்த்தால் தேரி உங்களுக்கு. இல்லாவிட்டால் குதிரைக்கு.”

மற்றவர்கள் வாய் திறக்குமுன் ராயர் எழுந்து, அடியேனே கற்றுக்கொள்கிறேன் என்றார். உலகம்மைக்கு அவர் எண்ணம் புரிந்துவிட்டது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை என்ன செய்ய?

அவள் பயந்தபடியே நடந்தது. முதல் சுரை விதைக்கு ராயர் தண்ணீரே காட்டவில்லை. இரண்டாவது விதையை, முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தே கொன்றார். விதையையோ தண்ணீரையோ அவள் தொடாதபடி பார்த்துக்கொள்ள ராசாவின் காவலர் இருவர் கூடவே நின்றார்கள். ஆனால் தேரியிலேயே தங்கிய ராயரின் சொகுசுக்கு மட்டும் குறையில்லை. ஆற்றிலிருந்து தினம் இரண்டு வண்டித் தண்ணீர் வரும். பயற்றமாவு தேய்த்து இரண்டு வேளை குளியல், சாப்பிட்டால் கை, நடந்தால் கால் என்று நாள் முழுக்கக் கழுவுவார்.

எட்டாம் நாள், அவர் குளித்த நீர் மணலில் ஓடி மறைவதை உலகம்மை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவரிடம் போனாள்.

“ஐயா, பெரிய மனுஷங்க குளிக்கிறதை நாலு பேர் பார்க்கலாமா? ஒரு ஓலைத்தட்டி கட்டித் தாரேன்.”

“இப்போதாவது மரியாதை தெரிந்ததே, பெண்ணே” என்றார் ராயர்.

தட்டி கட்டினாள். நிற்பதற்குச் சரிவாக ஒரு கல்லும் போட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம், நீர் போய் விழும் இடத்தில், குழி வெட்டி எருவைக் கொட்டினாள். அன்று மதியம் முதல், பழுத்த வெள்ளரியும் கருப்பட்டியும் ஓலைப்பட்டையில் அவருக்குப் போயின. ராயர் சுவைத்துத் தின்று, விதையும் சக்கையுமாகப் பட்டையைத் தட்டிக்கு அப்பால் வீசினார். வீசியது எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அறுபதாம் நாள் ராசா வந்தான். குதிரையின் கால் மணலில் புதையவே, பாதி வழி நடந்துதான் வந்தான். ராயர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு காய்ந்த குழியைக் காட்டினார்.

ராசா உலகம்மையைப் பார்த்தான்.

“ஐயா வளர்த்த மத்ததைக் காட்டலையே, ராசா” என்று அவனைத் தட்டிக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

அங்கே வெள்ளரிக்கொடி பத்து முழம் ஓடிக் கிடந்தது, பூவும் பிஞ்சும் காயுமாக. ராசா காவலரைக் கேட்டான். விதை விழுந்தது ராயர் கையிலிருந்து, தண்ணீர் விட்டதும் அவரே, இந்தப் பெண் இரண்டையும் தொடவில்லை என்றார்கள் இருவரும்.

“அரசே, இதை நான் வளர்க்கவில்லை” என்றார் ராயர். “வேண்டாம் என்று எறிந்தேன், அவ்வளவுதான்.”

“வேண்டாம்னு எறிஞ்ச விதைக்கே இந்த மணல் இவ்வளவு தருது, ராசா” என்றாள் உலகம்மை. “வேணும்னு ஒருத்தர் போட்டா எவ்வளவு தரும்?”

ராயர் சூழ்ச்சி என்று ஏதோ தொடங்கினார். ராசா கையமர்த்தினான். “வளர்க்கவே கூடாது என்று அறுபது நாள் பாடுபட்டவரையே வளர்க்க வைத்திருக்கிறாள். இவளைவிட நல்ல வாத்தியாரை நான் எங்கே போய்த் தேடுவேன்?”

அங்கேயே தேரியை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தான். பரிசு என்ன வேண்டும் என்றதற்கு, ராயருக்கு வந்த இரண்டு வண்டித் தண்ணீர் இனியும் வந்தால் போதும் என்றாள். கொடுத்தான். கற்று முடித்தவர்களுக்கு இங்கே என்ன வழக்கம் என்று விசாரித்தான்.

“முதல் காய் கண்டவங்க, அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் தேரியை விட்டு இறங்கணும், ராசா.”

“அடுத்த ஆள் நான்” என்று ராசா மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். “சொல்லுங்கள், ராயரே.”

அறுபது நாளில் ராயர் காதில் வாங்கியது ஒன்றுகூட இல்லை. கடைசியில் உலகம்மை பக்கம் மெல்லத் திரும்பினார்.

“குழி எத்தனை முழம், அம்மா?”

“ஒண்ணரை முழம், ஐயா” என்று மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ராயர் தேரியை விட்டு இறங்க இன்னோர் அறுபது நாள் ஆயிற்றாம். கேட்ட காதுக்குக் கதை, சொன்ன வாய்க்கு ஒரு வெள்ளரி.