நாலு விரற்கடை உயரம்

"புடலைக்குக் கல்லுக் கட்டோணும்" என்று ஆரம்பிக்கும் ஒரு சொலவடையைச் சென்னியப்பனின் அப்பா அடிக்கடி சொல்வார். அதற்குப் பின்னால் இன்னொரு பாதி உண்டு. எவ்வளவு யோசித்தும் அது சென்னியப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. பந்தலில் தொங்கும் புடலங்காயின் நுனியில் கல் கட்டினால்தான் அது சுருளாமல் நேராக இறங்கும். வளர்ப்பு என்பதும் அப்படித்தான் என்று முதல் பாதியை வைத்தே நாற்பத்தெட்டு வயது வரை வந்துவிட்டார். அதில் இருபது வருஷம், குடும்பத்தை ஊரில் விட்டு, ஆஸ்திரேலியாவில் தனியாகப் போயிற்று.

ஊர் திரும்பி வடவள்ளியில் குடியேறியதும் மகள் இதழினி ஒரு நாய் கேட்டாள். டாஷண்ட் சாதிக் குட்டி ஒன்றை வாங்கினார். உடம்பு நீளம், கால் குட்டை. நிறத்தைப் பார்த்து வெல்லம் என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது வெல்லத்துக்கு ஐந்து வயது. திங்கட்கிழமை அது இதழினியின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. மருத்துவமனையில் ஊசி போட்டு இரண்டு தையலும் போட்டார்கள். சென்னியப்பனின் மனைவி கோகிலா கெடு வைத்தாள்.

"ஞாயித்துக்கெழமை எங்கண்ணன் வண்டி வருது. ஆனைமலைத் தோப்புல கெடக்கட்டும். அதுக்குள்ள உங்களால முடிஞ்சா திருத்துங்க."

புதன்கிழமை காலை அவர் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு தொண்டாமுத்தூர்ப் பக்கம் எஸ்தர் டீச்சரிடம் போனார். எஸ்தர் முன்பு ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இப்போது நாய்களைப் பழக்குகிறார். கழுத்தில் விசில் மட்டும் பழையபடியே தொங்கியது. டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. மாணவர் ஒன்பது வருஷம் மூத்தவர்.

"என்ன தொந்தரவுங்க சார்?"

"சொன்ன பேச்சுக் கேக்கறதில்லைங்க டீச்சர். கூப்பிட்டா நின்னு யோசிச்சுட்டுத்தான் வருது."

"யோசிக்கட்டும்."

"நாய் யோசிக்கலாமுங்களா?"

"வளைக்குள்ள பூந்து உள்ளிருக்கற மிருகத்தை வெரட்டறதுக்குன்னே வளத்த சாதிங்க இது. உள்ள ஒரே இருட்டு. எசமான் வெளிய நிக்கறான். அங்க இது யாரைக் கேட்டு முடிவு பண்ணும்?"

சென்னியப்பன் அதை மனதில் போட்டுக்கொண்டு அடுத்ததைச் சொன்னார்.

"செம்பருத்தி வேரையெல்லாம் தோண்டிப் போடுது."

"வளைக்காரன் தோண்டாம இருப்பானா? ஒரு மூலையில மணலைக் கொட்டி விடுங்க. அங்க தோண்டுவான்."

"யார் வந்தாலும் குரைக்குது. வெட்டுக்கிளி அளவு இருந்துட்டு யானைத் தொண்டை."

"குரைக்கலைன்னா வளைக்குள்ள எங்க இருக்கறான்னு வெளிய நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எதைச் சொன்னாலும் நாய்க்கு வக்கீல் வைத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார்.

"கடிச்சுருச்சுங்க டீச்சர். எம் பொண்ணைக் கடிச்சுருச்சு. இது கீழ்ப்படியறதுக்கு வழி சொல்லுங்க. இல்லாட்டி ஞாயித்துக்கெழமை இது எங்க வீட்டுல இருக்காது. பொண்ணு தையல் போட்ட கையோட அதுக்குத்தான் அழுதுட்டிருக்கா."

எஸ்தர் நாயைப் பார்த்தார்.

"தூக்குங்க பார்க்கலாம்."

சென்னியப்பன் குனிந்து, முன்னங்கால்களின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். நீளமான உடம்பு துணி மாதிரி தொங்கியது. வெல்லம் உறுமியது.

"பார்த்தீங்களா? அப்பவும் இப்படித்தான்" என்றார்.

"பாப்பாவும் இப்படித்தான் தூக்குச்சா?"

"ஆமாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

டீச்சர் "கொழம்புக்குக் காய் பறிக்கணும். வாங்க" என்று பின்பக்கம் நடந்தார்.

பின்னால் புடலைப் பந்தல். காய்கள் கல் கட்டிக்கொண்டு வரிசையாகத் தொங்கின.

"அந்த நீளமான காயைப் பறிச்சுக் கொண்டாங்க சார்."

அவர் கல்லை அவிழ்த்துவிட்டுக் காம்பைத் திருகினார். காயின் ஒரு நுனியை மட்டும் பிடித்துக் கம்பு மாதிரி நீட்டியபடி வந்தார். பாதி வழியில் அது நடுவில் முறிந்து கீழே விழுந்தது.

எஸ்தர் இன்னொன்றைப் பறித்தார். ஒரு கை காம்புப் பக்கம், இன்னொரு கை அடியில். தொட்டிலில் இருந்து எடுப்பது போல எடுத்து அவர் கையில் வைத்தார். கை வைத்த இடம் எது எது என்று சென்னியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு காயைத் திட்டில் வைத்துவிட்டு நாயிடம் போனார். ஒரு கையை மார்புக்கடியிலும் இன்னொரு கையைப் பின்தொடைக்கடியிலும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கினார். வெல்லம் உறுமவில்லை. அவர் சட்டைப் பொத்தானை நக்கியது.

"பின்னங்காலை லேசா இழுத்து நடக்கறான், கவனிச்சீங்களா?" என்றார் டீச்சர்.

"சோம்பேறித்தனம்னு நெனைச்சேன்."

"முதுகு வலிக்குது. இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க. வலிக்கிற எடத்துலயே தூக்குனா நீங்களும்தான் கத்துவீங்க. அதுக்குக் கத்தத் தெரியலை, பல்லு இருக்கு."

சென்னியப்பன் நாயை இறக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

தீவன மூட்டை நிறுக்கும் தராசு ஓரமாக இருந்தது. எஸ்தர் அதைக் காட்டினார். அவர் வெல்லத்தை அதன்மேல் வைத்தார். முள் பதின்மூன்றரையில் நின்றது.

"இவன் எலும்புக்கு ஒம்பது கிலோ போதும்" என்றார் டீச்சர். "மீதி நாலரை யாரோடது சார்?"

அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் நெய் தோசை, தன் தட்டிலிருந்து பாதி. மத்தியானம் தயிர்சாதம். சாயங்காலம் டீயோடு இரண்டு வருக்கி பிஸ்கட். இத்தனை வருஷம் தனியாகச் சாப்பிட்டவருக்கு எதிரே வாய் பார்த்துக்கொண்டு ஒரு ஜீவன் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது.

"என்னோடதுங்க."

பந்தலடியில் ஒரு பிஞ்சு விழுந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்தார். காம்போடு அறுந்திருந்தது. நுனியில் கட்டிய கல் முஷ்டி அளவு இருந்தது. எடுத்துப் பார்த்தார்.

"இது ஏனுங்க டீச்சர் விழுந்துச்சு?"

"கல்லு பெருசு."

"யார் கட்டினது?"

"நாந்தான். சீக்கிரம் நேரா வரட்டும்னு ஒரு ஆசை."

சென்னியப்பன் கல்லை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பாவின் இரண்டாவது பாதி அப்போதும் ஞாபகம் வரவில்லை. கல்லைப் பந்தல் காலடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க. தூக்கறதை மாத்திக்கறேன். தட்டுல இருந்து குடுக்கறதையும் நிறுத்திக்கறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"சொல்லுங்க."

"ராத்திரி எங்கூடக் கட்டில்ல படுக்குது. மாடியில. அப்பா காலத்துத் தேக்குக் கட்டில். நான்தான் தூக்கிப் போட்டுக்குவேன். காலையில நான் எந்திரிக்கறதுக்குள்ள தானே குதிச்சு, படியெல்லாம் எறங்கிப் போயிருது. முதுகுக்கு அது ஆகாதுன்னு இப்பத் தெரியுது. கீழ படுக்கப் போட்டா விடிய விடிய அழுகுது. குதிக்காம இருக்கறதுக்கு எப்படிங்க பழக்கறது?"

"கட்டில் எவ்வளவு உசரம்?"

அவர் தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே கை வைத்துக் காட்டினார்.

"இவன் கால்?"

சென்னியப்பன் குனிந்து, வெல்லத்தின் முன்னங்கால் பக்கத்தில் விரல்களை வைத்து அளந்தார்.

"நாலு விரக்கடை இருக்குமுங்க."

"ரெண்டுல எதைப் பழக்கலாம்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, எஸ்தர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மற்ற நாய்களைப் பார்க்கப் போனார்.

கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு மத்தியானம்தான் வீடு திரும்பினார். வெல்லத்தை இரண்டு கைகளாலும் இறக்கி வைப்பதைக் கோகிலா வாசலிலிருந்து பார்த்தாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நாய்க்கு ஒண்ணும் சொல்லலை."

"அப்ப யாருக்குச் சொன்னாங்களாம்?"

அவர் இதழினியைக் கூப்பிட்டு, வெல்லத்தின் மார்பிலும் பின்புறத்திலும் கை வைக்க வேண்டிய இடங்களைக் காட்டினார். கட்டுப் போட்ட கையைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு அவள் தொட்டுப் பார்த்தாள். நாய் அசையாமல் இருந்தது. கோகிலா அதையும் பார்த்தாள்.

"அண்ணனுக்கு என்ன சொல்றது?" என்றாள் கொஞ்சம் கழித்து.

"வர வேண்டாம்னு சொல்லீரு."

மறுநாள் காலை இரண்டு ஆட்களை வைத்துத் தேக்குக் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி முன்னறையில் போட்டார். ஆசாரி வந்து கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைந்த காலைத் தடவினார்.

"இந்த மாதிரி கடைசல் வேலை இப்பக் காசு குடுத்தாலும் கெடைக்காதுங்க. நல்லா யோசிச்சுட்டீங்களா?"

சென்னியப்பன் ஒவ்வொரு காலிலும் நாலு விரற்கடை விட்டு மீதியை அறுக்கச் சொன்னார்.