சிவந்த தூசியும் குளத்துக் காவலும்

ஒரு காட்டில் கோடை முற்றி, ஓடைகளெல்லாம் வற்றிவிட்டன. மூங்கில் புதர்களுக்கு நடுவே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. எல்லா விலங்குகளும் அதைத்தான் குடித்து வந்தன.

ஒருநாள் காலை வானம் பழுப்பாக மாறியது. சூரியன் மங்கிப்போனது. சற்று நேரத்தில் மாவுபோன்ற சிவந்த தூசி, இலைகள்மேலும் பாறைகள்மேலும் விலங்குகளின் முதுகுமேலும் ஓசையில்லாமல் படியத் தொடங்கியது. குளத்து நீரும் சிவந்துவிட்டது.

இப்படி ஒன்றை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை. “ஐயோ, இது என்ன?” என்று முயல் புதருக்குள் ஒளிந்துகொண்டது.

நரிக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனால் எல்லோரும் பயந்திருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அது கரையிலிருந்த பாறைமேல் ஏறியது.

“யாரும் தண்ணீரில் வாய் வைக்காதீர்கள்! இது விஷப்பொடி. குடித்தால் சாவுதான்!”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று உறுமியது காட்டுப்பன்றி.

“சந்தேகம் என்றால் நீயே முதலில் குடித்துப் பாரேன்” என்றது நரி. காட்டுப்பன்றி பின்வாங்கியது.

“தெரியாமல் யாராவது குடித்துவிடக் கூடாதே! அதனால் நானே இங்கே காவல் இருக்கிறேன். எனக்கும் தாகம்தான். என்ன செய்வது? உங்கள் உயிர்தான் எனக்குப் பெரிது.”

விலங்குகள் நெகிழ்ந்துபோய்க் கலைந்து சென்றன. குளத்துத் தவளைகளோ எப்போதும்போல் நீரில் குதித்துக்கொண்டிருந்தன. அதைக் கவனித்த நரி சிரித்துக்கொண்டே வயிறு முட்டக் குடித்தது. கரையோரத்து மீன்களையும் பிடித்துத் தின்றது.

மூன்றாம் நாள் புள்ளிமான் குளத்துக்கு ஓடிவந்தது. அதன் பின்னால் மற்ற விலங்குகளும் வந்தன.

“நரியாரே, என் குட்டியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறேனே!”

“விஷத்தையா கொடுப்பாய்? நீ பெற்ற பிள்ளையம்மா அது!” என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அப்போது உடம்பெல்லாம் தூசி படிந்த கல்கௌதாரி என்ற ஒரு பாலைவனப் பறவை தள்ளாடிப் பறந்து வந்தது. யாரையும் கேட்காமல் நீரில் இறங்கி மடமடவென்று குடித்தது.

“விஷம்! விஷம்!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

“எது விஷம்? இது எங்கள் ஊர் மண்” என்றது கல்கௌதாரி. “கடலுக்கு அப்பால் எங்கள் பாலைவனம் இருக்கிறது. சூறைக்காற்று கிளம்பினால் அங்குள்ள மண் மேகத்தின் உயரத்துக்கு எழும்பி, பல நாள் பயணம் போகும். நானும் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டுதான் இங்கே வந்தேன்.”

நரி விடவில்லை. “உனக்கு அது பழகியிருக்கும். எங்களைக் கொன்றுவிடுமே!”

கல்கௌதாரி கரையைப் பார்த்தது. தண்ணீரை ஒட்டிய ஈரச் சேற்றில் புதிய காலடிகள் நிறைய இருந்தன. அத்தனையும் நரியின் காலடிகள்.

“நீ சொல்வதும் சரிதான்” என்றது அது. “எங்கள் ஊரைச் சேராதவர்கள் குடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் இடது காது அரிக்கும். அடுத்து வால் மயிர் கொட்டும். அதற்குப் பிறகு பிழைக்க முடியாது.”

நரியின் இடது காது சுருக்கென்று அரித்தது. அது மெல்லச் சொறிந்தது. அரிப்பு அடங்கவில்லை. இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றிச் சொறிந்தது. வாலைத் திரும்பிப் பார்த்தது.

“ஐயா! இதற்கு மருந்து இல்லையா? சீக்கிரம் சொல்லுங்கள் ஐயா!”

“உனக்கு எதற்கு மருந்து? நீதான் ஒரு சொட்டும் குடிக்கவில்லையே!” என்றது புள்ளிமான்.

நரி காதைச் சொறிந்த காலை மெல்லக் கீழே இறக்கியது.

“காது அரிப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. குடியுங்கள்” என்று சிரித்தது கல்கௌதாரி.

காட்டுப்பன்றி நரியை முட்டப் பாய்ந்தது. “சண்டை அப்புறம். முதலில் குட்டிக்குத் தண்ணீர்!” என்று புள்ளிமான் தடுத்தது.

எல்லோரும் சேர்ந்து மான்குட்டியைக் குளத்தருகே தாங்கி வந்தார்கள். அது குடித்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தது. பிறகு நான்கு கால்களையும் ஊன்றித் தானாகவே எழுந்து நின்றது.

அன்று முதல் மழை பெய்யும்வரை, மற்ற எல்லோரும் குடித்த பிறகே நரி குடிக்க வேண்டும் என்று விலங்குகள் முடிவு செய்தன. அன்று மாலை அது வரிசையின் கடைசியில் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

நீதி: பிறரைப் பயமுறுத்திப் பிழைப்பவன் தன் பயத்தாலேயே பிடிபடுவான்.