சிம்மாசனத்துக்குப் பலாப்பால்

மாம்பழம் தின்றே ராஜ்யம் ஆண்ட ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் கனிமங்கலத்தில் இருந்தான். பெயர் வல்லபராயன். பழம் இனித்தால் முத்துமாலை, புளித்தால் கசையடி. அவன் நியாயம் அவ்வளவுதான்!

ஒரு வருஷம் அவனுடைய மாந்தோப்பில் செதில்பூச்சி விழுந்தது. மீன்செதிலை ஒட்டவைத்த மாதிரி கிளையெல்லாம் அப்பிக்கொண்டு, இருந்த இடத்திலேயே சாற்றை உறிஞ்சிற்று. இலைகள் கரி பூசியதுபோல் கறுத்தன.

தோப்பு அதிகாரி திருமேனி ராஜாவின் காதோரமே குடியிருப்பவர். "பிரபு! எறும்புகள் சாரை சாரையாக மரம் ஏறுகின்றன. பூச்சியைத் தின்னத்தான் போகின்றன. அடிமரத்தில் வெல்லப்பாகு ஊற்றினால் பெரிய சேனையே திரளும்" என்றார். ஊற்றினார்கள். எறும்பு பெருகிற்று, பூச்சி அதைவிடப் பெருகிற்று.

"எல்லாம் தோட்டக்காரி காத்தாயியின் சோம்பல்" என்று திருமேனி பழியை மெல்லத் தள்ளிவிட்டார். ராஜாவுக்கோ மூக்கு நுனியில் கோபம். "தோப்பைக் கொளுத்துங்கள்! அவள் தலையை வாங்குங்கள்!"

காத்தாயி கும்பிட்டாள். "மகாராசா, ஒரே ஒரு மரமும் இருபது நாளும் குடுங்க. அதுலயும் பூச்சி அடங்கலேன்னா தலையை எடுத்துக்குங்க."

"என்ன வேண்டும்? சேனையா, மருந்தா?"

"ஒரு குடம் பலாப்பால் போதுமுங்க."

சபையே சிரித்தது.

அவள் இருப்பதிலேயே மோசமான மரத்தைத் தேர்ந்தாள். பக்கத்து மரங்களைத் தொட்ட கிளைகளை வெட்டினாள். அடிமரத்தில் துணியைச் சுற்றி, விளக்கெண்ணெய் கலந்த பலாப்பாலைப் பிசுபிசுவென்று பூசினாள். "மரத்துக்கு ஒட்டியாணமா!" என்று திருமேனி வயிறு குலுங்கச் சிரித்தார்.

இருபதாம் நாள் ராஜா வந்தான். காத்தாயி முதலில் வெல்லப்பாகு ஊற்றிய மரத்தைக் காட்டினாள். "சத்தம் போடாம கிட்டப் போய்ப் பாருங்க."

யாருக்கும் குனியாத ராஜா குனிந்து பார்த்தான். ஓர் எறும்பு செதில்பூச்சியை மீசையால் வருடிற்று. பூச்சி ஒரு சொட்டு இனிப்பு நீர் விட்டது; எறும்பு குடித்தது. அப்போது பொட்டு வைத்த சிவப்பு வண்டு ஒன்று பூச்சியைத் தின்ன வந்து இறங்கிற்று. அவ்வளவுதான்! எறும்புகள் மொய்த்துக் கடித்து அதைக் கீழே தள்ளின.

காத்தாயியின் மரத்தில் எறும்புகள் ஒட்டியாணத்துக்குக் கீழேயே தவித்தன. மேலே சிவப்பு வண்டுகள் கேட்பாரின்றி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. செதில்கள் வெறும் ஓடாக உதிர்ந்தன. நுனியெல்லாம் செந்தளிர்!

ராஜாவுக்கு மெய்சிலிர்த்தது. கிரீடம் நழுவி மண்ணில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. "இத்தனை வருஷம் பழத்தை மட்டும்தானே பார்த்தேன்! என் தலைக்கு மேலே இப்படியொரு யுத்தமா!" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "எறும்பு ஏன் அம்மா திருடனுக்குக் காவல் நிற்கிறது?"

"இனிப்புக் கிடைக்குதுங்களே மகாராசா. இந்த மரம் பட்டுப்போனா அதுக்கென்ன? அடுத்த மரத்துக்குப் போயிரும்."

ராஜா திரும்பித் திருமேனியை ஏற இறங்கப் பார்த்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டு, அவளையே தோப்பு அதிகாரி ஆக்கினான். மீதி மரங்களுக்கெல்லாம் திருமேனி தம் கையாலேயே பலாப்பால் பூச வேண்டும் என்றும் கட்டளையிட்டான்.

புறப்படும்போது திரும்பிப் பார்த்தான். "அம்மா, குடத்தில் மிச்சம் இருக்கிறதா?"

"இருக்குதுங்க. எதுக்கு மகாராசா?"

"என் சிம்மாசனத்தின் நாலு காலுக்கும் பூச வேண்டும்."