மேலவளசுச் சீமைக் காருக்குப் புது பிரேக் போட்ட கதை

மேலவளசு என்றொரு ஊர். அங்கே எந்தக் காரியமும் கூட்டம் போடாமல் நடக்காது. கூட்டமென்றால் வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, தீர்மானம், வழிமொழிதல், நன்றியுரை எல்லாம் வரிசையாக நடந்தாக வேண்டும். ஒருமுறை சாவடிக் கூரையில் தீப்பிடித்தபோது, தண்ணீர் ஊற்றலாம் என்ற தீர்மானம் நிறைவேறுவதற்கும் கூரை சாம்பலாவதற்கும் சரியாக இருந்தது. தீ அணைந்துவிட்டதே என்று தலைவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்.

அந்த ஊருக்கு ஒரு பழைய ஜமீன்தார் தம்முடைய சீமைக் காரை விட்டுப் போயிருந்தார். படகு மாதிரி நீளம், உள்ளே பட்டு மெத்தை, ஏறி நிற்க இரண்டு பக்கமும் நீளமான படி. அதைப் பாதுகாக்க ஒரு சங்கம். தலைவர் நாச்சிமுத்து, செயலாளர் குப்பண்ணன், உறுப்பினர்கள் சாமியப்பனும் வேலப்பனும். நான்கு பேரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தவர்களைச் சேர்த்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று சேர்ப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பையன் சென்னியப்பனுக்கும் கீழவளசு மரகதத்துக்கும் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மனதார விரும்பியவர்கள். ஆனால் மரகதத்தின் அப்பா பொங்கியண்ணன் வீம்புக்காரர்.

"என்ற மூத்த மாப்பிள்ளை அந்தச் சீமைக் கார்லதான் வந்தாரு. சின்ன மாப்பிள்ளையும் அதுலதான் வரோணும். முகூர்த்தத்துக்குள்ள என்ற வாசல்ல கார்ல வந்து எறங்கலீன்னா, புள்ளைக்கு முறைமாப்பிள்ளை ஒருத்தன் தயாரா இருக்கறான்" என்று சொல்லிவிட்டார்.

மூத்த மாப்பிள்ளை வந்தது உண்மைதான். ஆனால் பிரேக் பிடிக்காமல் வாசலைத் தாண்டி வைக்கோல் போரில் போய் இறங்கினார். அதற்குப் பிறகு கார் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை. ஆகவே பிரேக்கை மாற்றி, வேகத்தையும் கூட்டிவிடுவது என்று சங்கம் முடிவு செய்து, டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டது.

"வேகம் கூடோணும்னா எடையைக் குறைங்க. வேண்டாத கனத்தையெல்லாம் கழட்டீருங்க" என்றார் மெக்கானிக். "பிரேக்கு நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா நல்லதா இருக்கோணும். நாலும் ஒரே நேரத்துல புடிக்கோணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்திப் புடிச்சா வண்டி கவுந்துரும். எதுக்கும் எதையும் தொடாதீங்க, நானே வந்து பாக்கறேன்."

கடைசி வாக்கியம் வருவதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

முதலில் பட்டு மெத்தையைக் கழற்றினார்கள். அப்புறம் கதவுகள். கனத்தில் பாதிகூடக் குறையவில்லை.

"வண்டியிலேயே ரொம்பக் கனமான சாமான் எது?" என்று தலைவர் கேட்டார்.

"இன்ஜினுங்க" என்றான் வேலப்பன்.

"அதைக் கழட்டிப்போட்டா வண்டி ஓடுமாங்க?" என்று சாமியப்பனுக்குச் சந்தேகம்.

செயலாளர் குப்பண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இத்தனை வருசமா இன்ஜின் உள்ளேதான இருந்துச்சு. ஓடுச்சா?"

இன்ஜின் ஏகமனதாகக் கழற்றப்பட்டது. வேலை செய்யாத பழைய பிரேக்கும் வெட்டிக் கனம்தானே என்று அதையும் எடுத்துப் போட்டார்கள். ஸ்டீயரிங்கை மட்டும் விட்டுவைத்தார்கள், தலைவர் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று. அதுவரை ஊரே கூடித் தள்ளினாலும் அசையாத கார், இப்போது நாலு பேர் தள்ளியதும் கொட்டகையை விட்டு ஓடி வந்தது. வேகம் கூடிவிட்டதில் எல்லோருக்கும் பரம திருப்தி.

பிரேக் விஷயத்தில் மெக்கானிக் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். சக்கரத்துக்கு ஒருவர் வீதம் நான்கு பேரும் ஆளுக்கொரு புளியங்கட்டையோடு படியில் நிற்க வேண்டியது. நிறுத்தும்போது கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டியது.

"நாலும் ஒரே நேரத்துல புடிக்கோணும்னு சொன்னாரே, அதுக்கு என்ன பண்றதுங்க?" என்றான் சாமியப்பன்.

"நாலு பேரும் ஒருமனசா இருந்தாப் போதும்" என்றார் தலைவர். "அதுக்குத்தான் தீர்மானம்னு ஒண்ணு இருக்குது."

கல்யாண நாளன்று பட்டு வேட்டியும் மாலையுமாக வந்த சென்னியப்பன் காரைச் சுற்றிப் பார்த்தான். முன்பக்கம் குனிந்து பார்த்தான்.

"இன்ஜின் எங்கீங்க?"

"எடை குறைச்சாச்சு மாப்பிள்ளை. ஏறுங்க" என்றார்கள்.

ஓடிப்போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தான். மரகதத்தின் முகம் நினைவுக்கு வந்தது. முறைமாப்பிள்ளையின் முகமும் நினைவுக்கு வந்தது. ஏறிவிட்டான். மெத்தை இல்லாததால் உள்ளே ஒரு மணைப்பலகை போட்டு உட்கார வைத்தார்கள்.

மேலவளசிலிருந்து ரோடு ஒரே இறக்கம். பள்ளத்தின் அடியில் பொங்கியண்ணன் வீடு. அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் மறுபடியும் ஏற்றம். நான்கு பேரும் தள்ளிவிட்டுப் படியில் தொற்றிக்கொள்ள, கார் கிளம்பியது. புளியமரங்கள் பின்னால் பறந்தன. கீழே பந்தல் தெரிந்ததும் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"நிறுத்தலாம்னு எனக்குப் படுது. கூட்டத்தைத் தொடங்கலாமா?" என்றார் தலைவர்.

படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்த வேலப்பன் தொண்டையைச் செருமினான். "இந்த அவசரக் கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே..."

அவன் எல்லோரையும் வரவேற்று முடிப்பதற்குள் பந்தல் வந்தது, போனது. ஆரத்தித் தட்டை நீட்டிய பெண்கள் காற்றுக்கு ஆரத்தி எடுத்தார்கள். கார் எதிர்மேட்டில் பாதி தூரம் ஏறி, தயங்கி, பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது.

"மேட்டுல நின்னுதே, அப்பவே கட்டையைப் போட்டிருக்கலாமல்லங்க!" என்று சென்னியப்பன் கத்தினான்.

"வரவேற்புரையிலயேவா?" என்று குப்பண்ணன் முகம் சுளித்தார்.

அடுத்தது பொன்னாடை. கொண்டுவர மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தை உருவித் தலைவருக்குப் போர்த்தினார்கள். கைதட்டலுக்கு நடுவே பந்தல் மறுபடியும் வந்து போனது. இந்த முறை பின்பக்கமாக. முறைமாப்பிள்ளை எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மணவறையை நோக்கி நடப்பதைச் சென்னியப்பன் கண்ணால் பார்த்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தலைவரே, கால்ல வேணா விழறேன். கட்டையைப் போடுங்க!"

"மாப்பிள்ளை உணர்ச்சிவசப்படறாரு. அதைக் கூட்டம் பதிவு செஞ்சுக்குது" என்றார் தலைவர். பிறகு தலைமையுரையைத் தொடங்கினார். அது ஜமீன்தாரின் தாத்தா காலத்திலிருந்து தொடங்கியது.

கார் போவதும் வருவதுமாக ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கீழே பொங்கியண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நடத்திவைக்கும் அருமைக்காரர், "முகூர்த்தம் முடியப் போகுதுங்க, இருக்கற மாப்பிள்ளைக்கே கட்டீரலாமுங்களா?" என்று கேட்டார்.

மரகதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தட்டிலிருந்த தாலியை வெடுக்கென்று எடுத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். கார் அடுத்த தடவை மெல்ல வாசலைக் கடந்தபோது ஒரே தாவில் உள்ளே ஏறிவிட்டாள். கதவு இல்லாதது அன்றைக்குத்தான் உதவியது.

"உறுப்பினர் அல்லாதவங்க கூட்டத்துக்குள்ள வரக்கூடாதுங்களே!" என்று சாமியப்பன் ஆட்சேபித்தான்.

"சிறப்பு அழைப்பாளரா வெச்சுக்கலாம்" என்று செயலாளர் பெருந்தன்மையாக அனுமதித்தார்.

"கட்டுங்க மாமா!" என்று மரகதம் கழுத்தை நீட்டினாள். அருமைக்காரர் வாசலில் நின்றபடி, கார் போகும்போது பாதி வாழ்த்தும் வரும்போது மீதி வாழ்த்துமாகச் சொல்லி முடித்தார். சனங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடி ஓடி அரிசி போட்டார்கள். மணைப்பலகையில் உட்கார்ந்தே சென்னியப்பன் தாலியைக் கட்டினான். சனங்கள் கைதட்ட, அது தலைமையுரைக்கு என்று நினைத்துத் தலைவர் கும்பிடு போட்டார்.

ஊஞ்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கார் தானாகவே, மிகச் சரியாகப் பொங்கியண்ணன் வாசலுக்கு நேராக வந்து நின்றது. அதே நேரத்தில், வண்டியை நிறுத்துவது என்ற தீர்மானத்தைக் குப்பண்ணன் முன்மொழிய, வேலப்பன் வழிமொழிய, அது ஏகமனதாக நிறைவேறியது.

பொங்கியண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொன்ன சொல்லுப்படி முகூர்த்தத்துக்குள்ள வாசல்ல வந்து நின்னுட்டுது! எறங்குங்க மாப்பிள்ளை!"

"இருங்க" என்றார் தலைவர். "தீர்மானத்தை இன்னும் அமல்படுத்தலை."

"அதுதான் நின்னுருச்சே!"

"அது தானா நின்னுது. நாங்க நிறுத்தலை. நின்ன வண்டியை எப்படீங்க நிறுத்தறது? ஓடுனாத்தான நிறுத்த முடியும்? ஏகமனதா போட்ட தீர்மானம். நாளைக்கு ஊர்ல ஒருத்தன் கேட்டா என்ன பதில் சொல்றது?"

பொங்கியண்ணன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. புது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க அவரும் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இறங்கப் போன மாப்பிள்ளையை, "செத்த நேரந்தான்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து காரை மேலவளசு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். வேறு வேலை இல்லாததால் முறைமாப்பிள்ளையும் ஒரு கை கொடுத்தான்.

உச்சியில் விட்டார்கள். கார் முன்னைவிட வேகமாக இறங்கியது. நான்கு பேரும் நான்கு கட்டைகளை ஓங்கிப் பிடித்துத் தயாராக நின்றார்கள். பந்தல் நெருங்கியது.

"போடலாமுங்களா?" என்றான் சாமியப்பன்.

தலைவர் யோசித்தார். "அது போன கூட்டத்துத் தீர்மானமாச்சே. இந்தக் கூட்டத்துக்குச் செல்லுமா?"

வேலப்பன் தொண்டையைச் செருமினான். "இந்த அவசரக் கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முதன்முறையாக வருகை தந்திருக்கும் பொங்கியண்ணன் அவர்களே..."

"செல்லும்! செல்லும்! நான் வழிமொழியறேனுங்க!" என்று மரகதம் அலறினாள்.

குப்பண்ணன் கடந்துபோகும் பந்தலைப் பார்த்துக்கொண்டே வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"சிறப்பு அழைப்பாளருக்கு ஓட்டு இல்லீங்க அம்மணி."