படித்தவர் ஒருவர் வேண்டும்

சிரிப்பு உண்டு, ஆனால் உடனே கிடைக்காது. முதலில் காப்பீட்டு ஆய்வுத் துறைத் தலைவர் ஞானசிகாமணி தொண்டையைச் செருமி முடிக்கட்டும்.

“க்ர்ர்ம்! என்னம்மா இது? கெட்டதை வாயால் சொன்னாலே நடந்துவிடும் என்று படித்தவர்களும் பயப்படுகிறார்களா? அபத்தம்! அப்படிப் படித்தவர் ஒருவரை இன்றைக்கே காட்டு. இல்லையென்றால் கையெழுத்துக் கிடையாது.”

படித்தவர்களும் பயப்படுகிறார்கள் என்று சொன்ன மாரீஸ்வரியின் ஐந்து வருட ஆய்வேடு அந்தக் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது. அவள் பணிவாக ஒரு தாளை நீட்டினாள்.

“தேடிப் பார்க்கிறேன் சார். ஆய்வுல எல்லாருக்கும் கொடுத்த படிவம் உங்களுக்கும் ஒண்ணு. ‘இந்த வருஷம் என் வீடு தீப்பிடிச்சு எரியும்’னு ஒரே ஒரு வரி எழுதணும். எழுதினா எரிஞ்சிடவா போகுது?”

பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமை அதுவுமா இதையா எழுதச் சொல்றே? வாயில நல்ல வார்த்தையே வராதா? பலிச்சுக் கிலிச்சுத் தொலைச்சா?”

மாரீஸ்வரி ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். “இதுல உங்க பேரைப் போடட்டுமா சார், இல்ல ‘ஒரு பேராசிரியர்’னு மட்டும் எழுதட்டுமா?”

“என் பேரு எதுக்கு அங்கே?” என்று அதட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“பேரு வேண்டாம்மா. கையெழுத்து எங்கே போடணும்?”